நாயிலாவின் பின்னால் நடக்க வேண்டியவள்

ஜூன் 16, 2019, ஞாயிறு

சந்தை நாள். மலையிலிருந்து, வெற்றிலையோடு மெல்லும் கத்தக்காம்பு மூட்டையோடு பதினாலு பேர் இறங்கி வந்தார்கள். நாலு பேரைத் திருப்பி அனுப்பினேன். அதில் ஒரு பெரியவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "கடிச்சுக்கூடப் பாக்காம எப்படி வேணாங்கிற?" என்றார். ஒரு கட்டியை உடைத்து நாக்கில் வைத்தேன். நல்ல சரக்கு முதலில் கசந்து பிறகு இனிக்கும். இது பல்லுக்கடியில் நறநறத்தது. எடை ஏற மண் கலந்திருக்கிறார்.

"தோட்டத்தையும் சேர்த்தே குடுத்திருக்கீங்க பெரியவரே. பத்திரத்தையும் கையோட கொண்டு வந்திருக்கலாமே" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே மூட்டையைத் தூக்கி அடுத்த கடைக்குப் போனார். அங்கே வாங்குவான்.

பகலில் மீன் வரிசையில் ரோஸ்மாவைப் பார்த்தேன். எல்மிதாவின் அக்கா. எல்மிதா இறந்த பிறகு பிள்ளைகள் இவளிடம்தான்.

'இறந்த பிறகு' என்று எழுதிவிட்டேன். அடிக்காமல் விடுகிறேன், ஆனால் அது சரியில்லை. கொல்லப்பட்ட பிறகு. என் தம்பி தஸ்ரில் அவளைக் கொன்ற பிறகு. நாலு மாதம் ஆகிறது.

ரோஸ்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்மிதாவின் சின்னவன் ரஃப்கி. ஆறு வயது. என்னைப் பார்த்ததும் கையை உதறிவிட்டு ஓடி வந்தான். பாதியில் நின்றான். திரும்பி ரோஸ்மாவின் முகத்தைப் பார்த்தான். ஓடலாமா என்று முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொள்கிற பழக்கம் இவனுக்கு எப்போது வந்தது? அவள் மீனைப் புரட்டிப் பார்த்தாள். நானும் கூப்பிடவில்லை. முன்பல் ஆடுகிறது போல, நாக்கால் தள்ளிக்கொண்டே நின்றான்.

ஜூன் 19, புதன்

தாத்தூக் மாமா கிடங்குக்கே வந்தார். குலத்தலைவர், அம்மாவின் தம்பி. சாதாரணமாக ஆள்விட்டுத்தான் கூப்பிடுவார். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

"யுஸ்னி, நாயிலா குர்ஆன் ஓதி முடிச்சிட்டாளாம். அடுத்த மாசம் பதினாலாம் தேதி ஊர்வலம். நாமதானே பாக்கோ. தட்டு எடுத்துட்டுப் போகணும்."

"போகணும்தான் மாமா. வாசப்படி ஏத்துவாங்களா?"

"நீ போனா ஏத்துவாங்க. உனக்குப் பேசத் தெரியும்."

எனக்குப் பிள்ளை இல்லை. இரண்டு கணவர்கள் வந்தார்கள், போனார்கள். தஸ்ரிலின் மூத்தவள் நாயிலா பிறந்த நாளிலிருந்து இந்த ஊர்வலத்துக்காகக் காத்திருந்தவள் நான். எங்கள் வழக்கில் பிள்ளை தாயின் குலம். தகப்பன் வீட்டாருக்கு, பாக்கோவுக்கு, பிள்ளை மேல் உரிமை ஒன்றும் கிடையாது. ஆனால் அதன் நல்ல நாளில் கறுப்பு உடுத்தி, தலையில் தட்டு ஏந்தி, பின்னால் நடக்க வேண்டியது நாங்கள்தான். யாரும் நடக்காத பிள்ளையை 'காட்டுல முளைச்சது' என்பார்கள்.

அதனால் ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நிமிடம்தான்.

தேநீர் குடித்து முடித்தபின் விஷயத்துக்கு வந்தார். வக்கீல் சொல்லியிருக்கிறாராம்: பெண் வீட்டார் சமாதானமாகிவிட்டார்கள் என்று காட்டினால் தண்டனை பாதியாகக் குறையும். அவர்கள் எங்கள் தட்டை வாங்கிக்கொண்டால் வழக்கப்படி அது சமாதானம். ஒரு போட்டோ போதும். பிறகு நாயிலாவிடமும் அவள் தாய்மாமனிடமும் ஒரு கடிதத்தில் கையெழுத்து.

"பன்னெண்டு வயசுப் பிள்ளைகிட்டயா மாமா?"

"அவ கையெழுத்துத்தான் நீதிபதி மனசுல நிக்கும்னு சொல்றார்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சரக்கு பிடிக்காவிட்டாலும் நான் அப்படித்தான் சொல்வது.

ஜூன் 20

மழை. எதுவும் காயவில்லை.

ஜூன் 22, சனி

சிறைக்குப் போனேன். கறி வறுவல் கொண்டுபோனேன். தஸ்ரில் இளைத்திருக்கிறான். முடி வெட்டியிருக்கிறார்கள். பின்னங்கழுத்து சின்ன வயதில் இருந்ததுபோல இருந்தது, அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

"ஊனி, கடிதம் வாங்கிடுவேல்ல?" ஊனி என்றால் அக்கா; ஊரே என்னை அப்படித்தான் கூப்பிடும்.

"பார்க்கலாம்."

"பார்க்கலாம்னா? நீதானே இருக்க எனக்கு. அவ வாய் எப்படின்னு உனக்கே தெரியும். கோர்ட்ல அதை மட்டும் சொல்லு. கோவத்துல நடந்துபோச்சு."

கொஞ்ச நேரம் சாப்பிட்டான். பிறகு பைக்கை யாராவது ஸ்டார்ட் செய்து வைக்கிறார்களா, பேட்டரி இறங்கிவிடும் என்றான். மணி அடிக்கும் நேரத்தில்தான் "பசங்க எப்படி?" என்று கேட்டான்.

ரஃப்கிக்குப் பல் ஆடுகிறது என்றேன்.

நான் எடுத்து வளர்த்தவன். அம்மா போனபோது இவனுக்கு ஒன்பது வயது. இவன் எப்படி இப்படி ஆனான் என்று வழி முழுக்க யோசித்தேன். பதில் கிடைத்ததுபோலவும் இருந்தது, அதனால் யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

இன்று ரோஸ்மாவே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடைப்பக்கம் வந்தாள். உப்பு வாங்க வந்தாளாம். உப்புக் கடை அந்தக் கோடியில் இருக்கிறது.

ரஃப்கிக்குத் தேங்காய் ஆப்பம் வாங்கிக் கொடுத்தேன். பாதியைத் தின்றான். மீதிப் பாதியை வாழை இலையில் மடித்தான், நன்றாக, நாலு பக்கமும் உள்ளே விட்டு. எல்மிதாவுக்கு எப்போதும் பாதி எடுத்துப் போவான். மடித்து முடித்து, கையில் வைத்துக்கொண்டு நின்றான். யாருக்கு என்று அவனுக்கே தெரியவில்லை.

ரோஸ்மா கையை நீட்டினாள். "எனக்குத்தானே? சீக்கிரம் குடுடா. சூடு ஆறினா உன்னையே தின்ன வைப்பேன்."

கொடுத்தான். அவளுக்குத் தேங்காய் ஆப்பம் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். நின்ற இடத்திலேயே முழுக்கத் தின்றாள்.

ஜூன் 25, செவ்வாய்

இதை எழுதத்தான் வேண்டும். வேறு யாரிடம் சொல்ல.

எங்கள் ஊரில் கல்யாணமானால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். எல்மிதாவுக்கும் தாய்வீட்டில் அறை இருந்தது. கூப்பிடு தூரத்தில் அண்ணன் அஃப்ரிஸோன், அடுத்த அறையில் ரோஸ்மா. அந்த வீட்டில் தஸ்ரில் குரலை உயர்த்தியிருக்க முடியாது. உயர்த்தியிருந்தால் அன்று மாலையே அவன் பெட்டி வாசலுக்கு வந்திருக்கும்.

அவர்களை அங்கிருந்து கிளப்பியது நான். கிடங்குக்குப் பக்கத்தில் எனக்கு நம்பிக்கையான ஆள் வேண்டியிருந்தது. தஸ்ரில் தினமும் மலையிலிருந்து இறங்கி ஒன்பது மணிக்கு வந்தால் சரக்கு யார் இறக்குவது? காயப்போடும் முற்றத்துக்குப் பின்னால் வீடு பிடித்துக் கொடுத்தேன். ரோஸ்மா அப்போதே சொன்னாள்: "பொண்ணை வீட்டைவிட்டு எடுத்துட்டுப் போறீங்களே, எங்க வழக்கமா இது?" நான் சிரித்தேன். "ரோஸ்மா, காலம் மாறிப்போச்சு. நாலு கிலோமீட்டர்தானே" என்றேன்.

போன வருஷம் ஜூன் மாதம். நோன்புப் பெருநாள் முடிந்த வாரம். எல்மிதா முக்காட்டை இடது கன்னத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு தராசு வேலைக்கு வந்தாள். கதவு இடித்துவிட்டது என்றாள். பார்த்தேன். கதவுக்கு விரல் கிடையாது. "ஐஸ் வை" என்றேன். அன்று சாயங்காலம் தஸ்ரிலைக் கூப்பிட்டு ஒன்று சொன்னேன். என்ன சொன்னேன் என்பது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "ஆளுங்க பாக்கிற இடத்துல இதெல்லாம் வச்சுக்காதே."

அவ்வளவுதான் சொன்னேன். அவனும் அதை அப்படியே கேட்டான். பார்க்கிற இடத்தில் வைத்துக்கொள்ளவில்லை.

அதன்பின் இன்னும் இரண்டு தடவை எனக்குத் தெரிந்தது. எல்மிதா ஒரு தடவை, "ஊனி, ஒரு மாசம் அம்மா வீட்ல இருந்துட்டு வரட்டுமா?" என்று கேட்டாள். சரக்கு குவிந்து கிடந்த நேரம். இந்தப் பருவம் முடியட்டும் என்றேன்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி மாலை. பிள்ளைகள் இரண்டும் ஓதும் பள்ளியிலிருந்து வந்து, சாத்திய கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்திருந்தார்கள். முற்றத்திலிருந்து பார்த்தேன். "அம்மா கடைக்குப் போயிருப்பா, இருங்க" என்று சத்தம் கொடுத்தேன். சரி என்று இருந்தார்கள். நாயிலா ரஃப்கிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் கிடந்தாள், இந்தப் பக்கம் இதுங்க ரெண்டும் ஏழும் ஆறும் எத்தனைன்னு — நான் இருங்கன்னு சொன்னேன். நான் சொன்னதாலதான் உக்காந்திருந்துச்சுங்க.

இன்றைக்கு இது போதும்.

ஜூன் 27, வியாழன்

எல்மிதாவின் தாய்வீடு இருக்கும் மேல் ஊருக்குப் போனேன். வெறுங்கையோடு போவானேன் என்று பிள்ளைகளின் பூனையைப் பிடித்து ஓலைக்கூடையில் போட்டுக்கொண்டேன். வீடு பூட்டிய நாளிலிருந்து அது கிடங்கில்தான் திரிகிறது. வழி முழுக்கக் கத்தியது. வேன்காரர், "ஊனி, உள்ள என்ன பாட்டுக்காரி?" என்றார்.

அஃப்ரிஸோன் முற்றத்தில் ஒரு பைக்கைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை.

"அங்கேயே நில்லுங்க. என்ன வேணும்?"

"பூனை. பசங்களோடது."

"பூனைக்கு அடியில கடிதம் இருக்கா?"

தெரிந்திருக்கிறது. இந்த ஊரில் எதுதான் தெரியாது.

"இல்லை" என்றேன்.

"உங்க தட்டுல மஞ்சச் சோறு இருக்கும், கோழி இருக்கும், துணியை விலக்கினா உங்க தம்பி இருப்பான். என் தங்கச்சி பிள்ளை அதை வாங்கணும். அதானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் நாயிலா வந்துவிட்டாள். வளர்ந்திருக்கிறாள், நாலு மாதத்தில் பாவாடை இரண்டு விரல் ஏறியிருக்கிறது. கூடையைப் பார்த்தாள், கீழே உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். பூனை அவள் தோளில் ஏறி, கழுத்துக்குள் முகத்தை விட்டுக்கொண்டது.

"சாப்பிடுதா அத்தை?"

"என் ஆளுங்களைவிட நல்லா சாப்பிடுது. வேலைதான் செய்ய மாட்டேங்குது."

சிரிக்கவில்லை. ஆனால் உதடு கொஞ்சம் இளகியது. பிறகு, மாமன் காதில் விழும்படியே கேட்டாள்: "பள்ளியில பேர் எழுதச் சொல்றாங்க. பின்னால யார் யார் நடப்பாங்கன்னு. எல்லாரும் எழுதிட்டாங்க. நீங்க வருவீங்களா?"

அஃப்ரிஸோன் ஸ்பானரைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்தான். அவன் கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவனும் என் பதிலுக்குக் காத்திருந்தான்.

"உனக்கு ஞாயித்துக்கிழமை சொல்றேன்" என்றேன்.

ஒரு பிள்ளையிடம் தவணை கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ஜூன் 29

கணக்குப் போட்டுப் பார்த்தாயிற்று. தட்டோடு போனால் நாயிலாவுக்குப் பின்னால் நான் நடப்பேன். அவள் அம்மாவைக் கொன்றவனுக்குப் பாதித் தண்டனை போகும். அவள் பெரியவளானதும் அது அவளுக்குத் தெரியும். போகாவிட்டால் பதினாலாம் தேதி அவள் பின்னால் யாரும் இல்லை. மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. தட்டை யாரும் சமாதானம் என்று காட்ட முடியாதபடி, எனக்குத் தெரிந்ததையெல்லாம் நானே நீதிமன்றத்தில் சொல்லிவிடுவது. ஆனால் அதைச் சொன்னால் எனக்குத் தெரிந்திருந்தது என்பதும் அவளுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் 'வருவீங்களா' என்று கேட்பாளா?

ஜூன் 30, ஞாயிறு

ரோஸ்மா சந்தைக்கு வந்தாள். "நாயிலாகிட்ட சொல்லு, எனக்கு வரணும்னு இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு இடத்துக்குப் போகணும்" என்றேன். ரஃப்கியின் பல் விழுந்துவிட்டது. காகிதத்தில் மடித்துக் காட்டினான். கூரையில் எறிய வேண்டியதுதானே என்றேன். கூரையில் எறிந்தால் புதுப்பல் மேலேதான் முளைக்குமாம், இது கீழ்ப்பல்லா மேல்பல்லா என்று அவனுக்கே மறந்துவிட்டதாம். இரண்டு பேரும் அவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தோம். மேல்பல்.

ஜூலை 1, திங்கள்

அரசு வக்கீலைப் பார்த்தேன். சின்ன வயதுப் பெண். கூடப் பிறந்தவர் என்பதால் சொல்ல மறுக்கலாம், சட்டம் கட்டாயப்படுத்தாது என்றார். சொல்லவே வந்திருக்கிறேன் என்றேன். பேனாவை எடுத்தார்.

ஜூலை 3, புதன்

சொல்லிவிட்டேன்.

உறவு என்பதால் சத்தியம் வாங்கவில்லை. அதனால் என் சொல்லுக்கு எடை குறைவு என்றார்கள். குறைவான எடைக்கே விற்றேன்.

மூன்று தடவை எனக்குத் தெரியும் என்று சொன்னேன். மாதம், நாள், எந்தக் கன்னம். தஸ்ரிலிடம் நான் சொன்ன வார்த்தையைச் சொன்னேன். அவள் அம்மா வீட்டுக்குப் போகக் கேட்டதைச் சொன்னேன். கோபத்தில் திடீரென்று நடந்தது இல்லை இது என்றேன். நீதிபதி, "ஏன் யாரிடமும் சொல்லவில்லை?" என்று கேட்டார். "வியாபாரம் நடக்க வேண்டியிருந்தது" என்றேன்.

தஸ்ரில் என்னைப் பார்க்கவே இல்லை. வெளியே கூட்டிப்போகும்போது ஒருமுறை திரும்பினான். "ஊனி, நீயுமா" என்றான். அடித்துவிட்டு அழும் பிள்ளையின் குரல். அந்தக் குரலுக்கு நான் முப்பது வருஷம் ஏதாவது வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கடைசி வரிசையில் அஃப்ரிஸோன் உட்கார்ந்திருந்ததை வெளியே வரும்போதுதான் பார்த்தேன்.

ஜூலை 5, வெள்ளி

குலக்கூட்டம். பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது.

"கூடப் பொறந்தவனைக் குழியில தள்ளினவ எங்களோட உட்கார வேணாம், எங்களோட நிக்கவும் வேணாம்" என்றார் தாத்தூக் மாமா. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. போன மாதம் மகள் கல்யாணத்துக்கு என்னிடம் பந்தலுக்குப் பணம் வாங்கிப் போனவர்கள்கூட. நான் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

வழியில்தான் உறைத்தது. குலத்தில் இல்லாதவள் பாக்கோ இல்லை. இனி வழக்கப்படி நான் அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் இல்லை.

ஜூலை 7, ஞாயிறு

ரோஸ்மா சந்தைக்கு வரவில்லை. கடை கட்டும் நேரத்தில் அஃப்ரிஸோன் வந்தான். இந்தக் கிடங்குக்குள் அவன் வருவது இதுதான் முதல் தடவை. மூட்டைகளையும் தராசையும் பின்கதவையும் பார்த்தான். அந்தக் கதவைத் திறந்தால் அந்த வீடு தெரியும்.

"எட்டு மாசம்" என்றான். "எட்டு மாசமா உங்களுக்குத் தெரியும்."

"ஆமா."

"ஒரு ஆள் அனுப்பியிருந்தா போதும். பைக்ல பத்து நிமிஷம். வந்து கூட்டிட்டுப் போயிருப்பேன். அடிச்சிருக்கக்கூட மாட்டேன் அவனை. கூட்டிட்டு மட்டும் போயிருப்பேன்."

ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தான். பெரிய ஆள், தோளெல்லாம் குலுங்கியது. தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். கொஞ்சம் பொறுத்துக் குடித்தான்.

"நாயிலா கேட்டா. அத்தை எங்க போனாங்கன்னு. சொல்லிட்டேன். பாதிதான் சொன்னேன், மீதிக்கு எனக்கு வாய் வரலை."

"என்ன சொன்னா?"

"பூனையைத் தூக்கிட்டுப் போய்ப் படியில உக்காந்துட்டா. மூணு நாளா யார்கிட்டயும் பேச்சில்லை." எழுந்தான். "அவளாச் சொல்ற வரைக்கும் வராதீங்க. ஊர்வலத்துக்கும்."

"சரி."

"வேற குலத்து ஆளுங்களை நிக்க வைக்கலாம்னு ரோஸ்மா சொல்றா. வெளியூர்ப் பிள்ளைகளுக்கு வைக்கிறதில்லையா, அந்த மாதிரி."

"வைங்க. நல்லவங்களாப் பாத்து வைங்க. தட்டுக்குக் கோழி நான் அனுப்புறேன், பேர் சொல்லாம."

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான். "உங்களுக்கு எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணித்தான் பழக்கம்" என்றான். திட்டினானா என்று தெரியவில்லை. உண்மை.

ஜூலை 10

கோழி திரும்பி வந்துவிட்டது. பதினெட்டும் உயிரோடு, கால் கட்டியபடி. ஒரு சேதியும் இல்லை. கிடங்கில் கூவிக்கொண்டிருக்கின்றன.

ஜூலை 14, ஞாயிறு

சந்தை நாளில் கடை திறக்காதது இருபத்தாறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

வரக்கூடாது என்றுதான் சொன்னான். பார்க்கக்கூடாது என்று சொல்லவில்லை. மேல் ஊர் வளைவில் டயர் கடை ஓரமாக நின்றேன். கறுப்பு உடுத்தவில்லை. காலையில் எடுத்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன்.

முதலில் பறை, பிறகு ஆண்பிள்ளைகள் தலைப்பாகையோடு, பிறகு பெண்பிள்ளைகள் வெள்ளை அங்கியும் கிரீடமுமாக. ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் பாக்கோப் பெண்கள், எட்டுப் பேர், பத்துப் பேர், தலையில் தட்டு. ஒரு பிள்ளைக்கு இருபது பேர் வந்தார்கள். பாதிப் பேர் கூலிக்கு வந்தவர்கள், எனக்குத் தெரியும், இருவர் என்னிடம் வேலை பார்ப்பவர்கள். என்னைக் கண்டதும் தட்டுக்கடியில் முகத்தை மறைத்துக்கொண்டார்கள்.

நாயிலா ஒன்பதாவதாக வந்தாள்.

அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. காலியாக, பத்துப் பேர் நடக்கிற அளவுக்கு இடம். அடுத்த பிள்ளையின் கூட்டம் முன்னால் நெருங்கி வரும்போதெல்லாம் அஃப்ரிஸோன் கையை விரித்து நிறுத்தினான். அந்த இடம் அப்படியே, வெறும் ரோடாக, அவள் பின்னால் நகர்ந்து வந்தது. அதன் நடுவில் ரஃப்கி மட்டும் தனியாக நடந்துகொண்டிருந்தான். ஆண்பிள்ளை அங்கே நடக்கிற வழக்கமே இல்லை. யாரும் அவனைத் தடுக்கவில்லை. பல் போன வாயைத் திறந்துகொண்டு, பறைக்குத் தகுந்தபடி கால் வைத்து வந்தான்.

எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"என்ன, நடுவுல லாரி போறதுக்கு வழி விட்டிருக்காங்களா?"

"அது பாக்கோ இடமாம். தெரியாதா, அந்த எல்மிதா பொண்ணு. வேற ஆளுங்களை நிறுத்தறேன்னு சொன்னாங்களாம். இவதான் யாரும் வேணாம், அப்படியே விடுங்கன்னுட்டாளாம்."

"பிடிவாதக்காரி."

"அம்மா மாதிரி."

நாயிலா என்னைப் பார்த்தாளா தெரியாது. கிரீடம் கனம், தலையைத் திருப்ப முடியாது. எனக்கு எதிரே வந்தபோது நேராகப் பார்த்துக்கொண்டு போனாள். கழுத்து நரம்பு தெரிந்தது. நாலடி எடுத்து வைத்தால் நான் அந்த இடத்தில் இருந்திருப்பேன். எடுத்து வைக்கவில்லை. அவள் விட்டு வைத்தது எனக்காகவா, நான் நடக்கவில்லை என்பதை ஊர் பார்க்கட்டும் என்றா, எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் அவளுக்கு உரிமை இருக்கிறது.

கடைசிக் கூட்டமும் போன பிறகு டயர் கடைக்காரர், "உக்காருங்க ஊனி, வெயில்" என்று ஒரு டயரை உருட்டிப் போட்டார்.

ஜூலை 15

கடை திறந்தேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

தீர்ப்பு. பதினைந்து வருஷம், முழுத் தண்டனை. சமாதானக் கடிதம் ஏதும் இல்லை என்று தீர்ப்பில் ஒரு வரி வந்ததாம். சாயங்காலம் வரை ஆள் வைத்துச் சரக்கு கட்டினேன். பிறகு பின்கதவைத் திறந்து அந்த வீட்டுப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தஸ்ரிலுக்காகவும் அழுதேன். எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் அழவில்லை என்று நானே பிறகு சொல்லிக்கொள்வேன்.

ஆகஸ்ட் 18

அந்த வீட்டை உரிமையாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிள்ளைகளின் துணி, புத்தகம், எல்மிதாவின் தையல் மெஷின் எல்லாம் ரோஸ்மாவுக்கு வண்டியில் அனுப்பினேன். இது திரும்பி வரவில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

பள்ளி விட்ட நேரம். தராசில் இருந்தேன். தலையை நிமிர்த்தினால் நாயிலா, புத்தகப் பையோடு. வெளியே அஃப்ரிஸோன் பைக்கை நிறுத்திவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். சிகரெட்டைக்கூடப் பற்ற வைக்காமல் வாயில் வைத்திருந்தான்.

"கோர்ட்ல சொன்னதை என்கிட்ட சொல்லுங்க" என்றாள். சலாம் இல்லை, அத்தை இல்லை. "மாமா பாதிதான் சொன்னார்."

ஆட்களை அனுப்பிவிட்டேன். எதிரே உட்கார வைத்துச் சொன்னேன். பெரியவளிடம் சொல்வதுபோல. அவள் கேள்வி கேட்டாள், நீதிபதியைவிட நன்றாகக் கேட்டாள்.

"முதல் தடவை எந்த மாசம்?"

"ஜூன். பெருநாள் முடிஞ்ச வாரம்."

"அன்னைக்கு நாங்க எங்க இருந்தோம்?"

"மேல் ஊர்ல. ரோஸ்மா வீட்ல."

"அம்மா அழுதாங்களா?"

"இல்லை. எடைக்கல்லைச் சரியா எடுத்து வச்சா. ஒண்ணுகூடத் தப்பு பண்ணலை."

"நீங்க?"

"நான் தராசைப் பாத்துட்டிருந்தேன்."

படியில் உட்காரச் சொன்னதைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானே சொன்னேன். தனக்கு நினைவிருக்கிறது என்றாள். "ரஃப்கிக்கு இல்லை. அவன்கிட்ட சொல்லாதீங்க, நான் பிறகு சொல்லிக்கறேன்."

பையைத் தோளில் போட்டாள், போகப்போகிறாள் என்று நினைத்தேன். போகவில்லை.

"வீட்ல எல்லாரும் அம்மா நல்லவங்க, சொர்க்கத்துல இருக்காங்கன்னு மட்டும்தான் சொல்றாங்க. வேற யாரும் எதுவும் சொல்ல மாட்டேங்கறாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி இங்கதானே வேலை பாத்தாங்க?"

"ஆமா. பதினெட்டு வயசுல வந்தா. பயங்கரமா திட்டுவா."

"அம்மாவா?"

"ஒரு நாள் ஈரச் சரக்கைக் காய்ஞ்சதுன்னு சொல்லி ஒரு தரகன் இறக்கப் பார்த்தான். மூட்டை மேல ஏறி நின்னுட்டா. 'இதைப் பிழிஞ்சா உங்க ஊருக்கே குளிக்கத் தண்ணி வரும், எடுத்துட்டுப் போங்க, உங்க வீட்டு மாப்பிள்ளை குளிக்க உதவும்'னா. அன்னைக்குத்தான் கூலியைக் கூட்டினேன்."

நாயிலா சிரித்தாள். சிரித்த உடனே தன் மேலேயே கோபம் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வேறு பக்கம் பார்த்துக் கட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். வெளியே பைக் ஒருமுறை ஹாரன் அடித்தது, மெதுவாக.

வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"இன்னும் முடியலை. புதன்கிழமையும் வருவேன்."

புதன் சாயங்காலம்தான் இந்த மாதச் சரக்கு முழுவதும் துறைமுகத்துக்கு ஏற்ற வேண்டும். லாரியை வியாழனுக்கு மாற்றச் சொல்லிவிட்டேன்.